ஹில்டாவின் மெஷினில் உருவான ஃபைல்

"அந்த ஃபைலை மறுபடியும் நீதானே உள்ளே போட்டே?"

"சத்தியமா இல்ல, லாசரஸ். அழிச்சேன். நீயே பார்த்தே."

"அப்ப தானா வந்துச்சா? இன்னா மச்சான், பேஜார் பண்றே!"

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். 1997 நவம்பர், ஒரு வியாழக்கிழமை. குரோம்பேட்டையில் ஒரு மாடி அறை. மூன்று கம்ப்யூட்டர்கள். லாசரஸுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஹில்டாவுக்கு ஒன்று. செவ்வாயிலிருந்து ஹில்டா வரவில்லை. லீவு என்று நினைத்தோம்.

புரோகிராமை உருவாக்கும் முன், ஒவ்வொரு மெஷினும் தன்னைச் சோதித்துப் பார்த்துத் தனக்கென ஒரு ஃபைல் எழுதிக்கொள்ளும். முதல் வரியில் மெஷினின் பெயர், நேரம். அதை எங்கள் மூவருக்கும் பொதுவான சேமிப்பில் போடக்கூடாது. போட்டால் மற்ற மெஷின்களில் வேலை நின்றுவிடும். அந்தச் சேமிப்பு லாசரஸின் மெஷினில் இருந்தது. ஆறு மணிக்குள் புரோகிராம் தயாராகாவிட்டால் எனக்கு வேலை இல்லை என்று எங்கள் முதலாளி கேசவன் சார் காலையிலேயே சொல்லிவிட்டார்.

3:40. பொதுச் சேமிப்பில் அப்படி ஒரு ஃபைல் கிடந்தது. திறந்தேன். ஹில்டாவின் மெஷின். நேரம் 3:38.

அவள் மெஷின் அணைந்துதான் இருந்தது.

அழித்தேன். 4:05க்கு மீண்டும் வந்தது. லாசரஸ் எழுந்து போய் அவள் மெஷினின் கேபிளையும் பிளக்கையும் பிடுங்கினான்.

"இப்ப வரட்டும், பார்க்கலாம்."

4:31. வந்தது.

4:50. 5:02. 5:09... வெளியே மழை. ஹில்டாவின் காலி நாற்காலிப் பக்கம்... டக். டக். டக். கீபோர்டு சத்தம்.

"கிருபா... அழிடா. சீக்கிரம்."

அழித்தேன்.

வந்தது.

அழித்தேன்.

மணி ஆறு.

என் வேலை போனது. சனிக்கிழமைதான் மற்றது தெரிந்தது. செவ்வாய் காலை தாம்பரத்தில் தண்டவாளத்தைக் கடக்கும்போது ஹில்டா மின்சார ரயிலில் அடிபட்டிருக்கிறாள். கைப்பை கிடைக்கவில்லை. அவள் தங்கியிருந்த விடுதியில், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்தார்கள். ஊரில், விடுதியில் இருக்கிறாள் என்று. நான்கு நாள் பெயரில்லாமல் பிணவறையில் கிடந்தாள்.

திங்களன்று லாசரஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். ஃபைலை அழித்தாலும், அதை உள்ளே போட்டவர் எழுதும் ஒரு வரிக் குறிப்பு சேமிப்பில் தங்கிவிடும். வியாழனன்று பயத்தில் நாங்கள் எதையும் படிக்கவில்லை. மொத்தம் பதினொரு குறிப்புகள். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். பதினொன்றும் ஒன்றேதான்.

"குளிருது, கிருபா. அம்மாவை வரச் சொல்லேன்."