புதுவாயலிலிருந்து பேசிய சார்ஜாக்காரன்

பொதட்டூர்பேட்டையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். சாலையைக் கடக்க இடப்பக்கம் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைத்தேன். மோட்டார் சைக்கிள் ஒன்று வலப்பக்கமிருந்து வந்து முழங்காலருகே நின்றது. சார்ஜாவில் வண்டிகள் இடப்பக்கமிருந்து வரும். அங்கே நான்கு வருடம் இருந்தவனுக்கு, திரும்பி வந்து எட்டு மாதமாகியும் கழுத்து பழைய பக்கமே திரும்புகிறது. "இன்னாய்யா, எந்த ஊரு நீ?" என்று வண்டிக்காரர் கத்தினார். திட்டுவதற்காகத்தான் கேட்டார். நான் பதில் சொன்னேன். "புதுவாயல்." "ஏன், புதுவாயல்ல ரோடே கெடையாதா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஊர்ப் பெயரை அன்று நான் சொன்னது இரண்டாம் முறை. முதல் முறை சொன்னது அரை மணி நேரத்துக்கு முன்னால், ஏகாம்பரம் வீட்டில்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். எளாவூரில் லாரி கிளீனர், சூளூர்பேட்டையில் செங்கல் சூளை, பிறகு சார்ஜாவில் கட்டட வேலை. கிரேனுக்குக் கீழே நின்று, தூக்கு, இறக்கு என்று ஓட்டுபவருக்குக் கை காட்டுவேன். எங்கள் மேஸ்திரி அரபிக்காரர். இந்தியாக்காரர் யாராக இருந்தாலும் "ஹிந்தி" என்றுதான் கூப்பிடுவார். நான் ஹிந்தி இல்லை, தமிழ் என்று ஒருநாள் சொன்னேன். அது என் பெயர் என்று நினைத்துக்கொண்டு, கடைசிவரை என்னைத் "தமிழ்" என்றே கூப்பிட்டார். அறையில் பன்னிரண்டு பேர். அதில் பழவேற்காட்டு ரஹீம் பாய்க்குக் கம்ப்யூட்டர் தெரியும். "நீ பேசினா பசங்க சிரிக்கிறானுங்க. பதிவு பண்ணி நெட்ல போடலாம், பாட்காஸ்ட்டுன்னு சொல்றாங்க" என்றார். வெள்ளிக்கிழமை விடுமுறையில் போட்டதால் எல்லோருக்கும் அது 'வெள்ளிக்கிழமைப் பேச்சு' ஆனது. ஒருவர் இறக்கினால் ப்ளூடூத்தில் அறை அறையாகப் போகும். ஊரில் பாட்டு ஏற்றித் தரும் செல்போன் கடைகள் வழியாக வீட்டுப் பெண்களின் மெமரி கார்டுக்கும் போனது.

கேட்பவர்களை எப்படிப் பிடித்து வைத்தாய் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வித்தை ஒன்றுமில்லை. முதல் ஐந்து நிமிடம் பெயர் மட்டும் வாசிப்பேன். பெயர், ஊர், எந்தத் தொழிலாளர் கேம்ப். கம்பெனியில் நம்பராக இருப்பவனுக்கு அது போதும். வீட்டிலிருந்து யாராவது, போன் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று எழுதினால், பஸ் பிடித்து அந்த கேம்புக்கே போவேன். அடுத்த வெள்ளி, "பார்த்தேன், நன்றாக இருக்கிறார்" என்பேன். பாட்டுக்காகவோ சிரிப்புக்காகவோ அல்ல, அந்த "பார்த்தேன்" என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கட்டடங்கள் பாதியில் நின்ற வருடம் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். நெடுஞ்சாலையோரப் புதுவாயலில் ஓர் அறை பிடித்தேன். கேம்பில் படுத்திருப்பவன் குரலுக்குத்தான் கேம்பில் மரியாதை. ஊருக்கு வந்துவிட்டவனை யார் கேட்பார்கள்? அதனால் வந்ததைச் சொல்லவில்லை. பிரௌசிங் சென்டரில் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்வையோடு "இங்கே இன்று மணல்காற்று" என்று பேசினேன். நெடுஞ்சாலை ஹாரன் உள்ளே கேட்டுவிட்டால், "கேம்ப் வாசலுக்குத் தண்ணீர் லாரி வந்துவிட்டது" என்பேன்.

அப்போதுதான் பொதட்டூர்பேட்டை செல்வியின் மெயில் வந்தது. கணவர் ஏகாம்பரம் சார்ஜாவில் சாரம் கட்டுபவர். இருபது நாளாகப் போன் இல்லை. "அண்ணா, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க." ரஹீம் பாய் இன்னும் அங்கேதான் இருந்தார். அவரிடம் கேட்டிருக்கலாம். நாளை கேட்கலாம் என்று தள்ளினேன், வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. "ஏகாம்பரத்தைப் பார்த்தேன், செல்வி. முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. போன் தொலைந்துவிட்டதாம், அவ்வளவுதான்" என்றேன். பேசும்போது எனக்கே அது உண்மை போல இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு வரி வந்தது: அவர் இடுப்பெலும்பு உடைந்து வீடு வந்துவிட்டார், அண்ணா, நீங்கள் யாரைப் பார்த்தீர்கள்? எதையெதையோ தட்டச்சு செய்து அழித்தேன். பிறகு பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

வாசலில் என் குரலைக் கேட்டதுமே ஏகாம்பரம் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார். "செல்வி, யாரு வந்துகீறாரு பாரு! நம்ம வெள்ளிக்கிழமை! உள்ள வா நைனா." செல்வி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். அவர் பேசிக்கொண்டே போனார். "சாரத்துலேர்ந்து வுழுந்தேன், போனும் தூளு. நம்பரெல்லாம் அதுலதான், ஒண்ணுகூட மண்டையில இல்ல. ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்ல ஒரு கடலூர்க்காரரு, அவுரு போன்ல உன் பேச்சு ஓடிச்சு. என் பேரச் சொன்ன. பாத்தேன்னு வேற சொன்ன. சரி, கேம்புல வேற எவனையோ பாத்துகினு போய்ட்டாரு, தெரிஞ்சா இங்க வந்துருவாருன்னு நெனச்சேன். தெனம் நாலு மணிக்குப் பாக்க வர்றவங்கள உடுவாங்க. கதவையே பாத்துக்கினு கெடந்தேன்." இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். "அப்ப நீ எங்கதான் இருந்த?"

"புதுவாயல்ல."

"அது எங்க, அஜ்மான் பக்கமா?"

செல்விக்குப் புரிந்துவிட்டது. "கும்முடிபூண்டி பக்கத்துல கீற புதுவாயலு" என்று அவரிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே. என் தம்பி துபாய்லதான் கீறான். போய்ப் பாக்கறேன்னான். நான்தான், அண்ணன் பாத்துட்டாரு, நீ லீவு போடாதன்னேன்." பேச்சில் அதற்கப்புறம் அண்ணா வரவில்லை. "டீ ஆறுது, குடிச்சிட்டுப் போ" என்றாள். குடித்தேன். அந்த வீட்டில் அந்த டீயைக் குடித்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

 நான் வாசலைத் தாண்டியபோது ஏகாம்பரம் கூப்பிட்டார்.

"யோவ், வர்ற வெள்ளிக்கிழமை பேசுவியா?"

"இல்ல."

"இன்னா இல்ல? ரூம்ல பசங்க காத்துக்கினு இருப்பானுங்க. பேசு. எங்கேர்ந்து பேசறன்னு சொல்லிட்டுப் பேசு."

திருத்தணி வழியில் பாதி தூரம் நடந்து, பிறகு பஸ் மாறி மாறிப் புதுவாயல் வந்து சேர விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வரை தைரியம் தாங்காது என்று தோன்றியதால் நேராக பிரௌசிங் சென்டருக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை, மின்விசிறியையும் நிறுத்தவில்லை. "புதுவாயலிலிருந்து சேகர் பேசுகிறேன். எட்டு மாதமாக இங்கேதான் இருக்கிறேன். ஏகாம்பரத்தை நான் பார்க்கவில்லை." அவ்வளவுதான் பேச முடிந்தது. யார் பெயரையும் வாசிக்கவில்லை. நடுவே ஒரு லாரி ஹாரன் நீளமாக விழுந்தது. அதை அப்படியே விட்டேன்.

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டியில் இரும்பைக் கம்பியாக்கும் ஓர் உருட்டாலையில் வேலை கேட்டேன். "இன்னா தெரியும்?" என்றார் காண்ட்ராக்டர். "கிரேனுக்குக் கை காட்டுவேன்" என்றேன். உடனே கொட்டகைக்குள் அனுப்பினார். அங்கே இரைச்சலில் யாரும் யாரிடமும் பேச முடியாது; எனக்கு அது பிடித்திருந்தது. மேலே கிரேன் கூண்டில் இருந்தவர் பீகார்க்காரர். சார்ஜாவில் காட்டிய அதே சைகையைக் காட்டினேன். கொக்கி இறங்கியது, இரும்புக் கட்டு எழுந்தது. அது தலைக்கு மேலே தொங்கியபோது அவர் எட்டிப் பார்த்து, எந்த ஊர் என்று இந்தியில் கத்தினார். என் இரண்டு கைகளும் மேலே இருந்தன. கை அசைந்தால் கட்டும் அசையும். கைகளை அசைக்காமல் அப்படியே நின்றேன்.