புதுப்பட்டியிலிருந்து சாத்தூர்: மூச்சு முட்டிய லாரியில் என் கல்யாணப் பயணம்

அன்றைக்கு லாரியில் இருந்தவர்கள்: என் அய்யா கருப்பசாமி, ஆத்தா மாரியம்மாள், பட்டாசு ஆலையில் கேட் காவல் பார்த்த பெரியப்பா சங்கிலி, அய்யாவின் தங்கை பேச்சியம்மாள் அத்தை, அவள் மகள் கனகம், டிரைவர் அருளப்பன், கல்யாணப் பெண்ணான நான். மற்ற சொந்தமெல்லாம் முதல்நாளே பஸ்ஸில் போய்விட்டது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம். சாத்தூரில் மாப்பிள்ளை வீட்டுக் கல்யாணம். ஒன்பது மணிக்குள் தாலி ஏறியாக வேண்டும். எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசி வழியாக இருபது மைல் பக்கம் வரும். ஆலை முதலாளி லாரியை வாடகை வாங்காமல் கொடுத்தார். பெட்ரோல் மட்டும் எங்கள் செலவு.

அது உலகச் சண்டைக் காலத்து வண்டி. முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும். ஆறு மணிக்கு அருளப்பன் சுற்றினார். கொர் கொர் என்று பிடித்தது. பிறகு சளி கட்டிய கிழவனைப் போல இழுத்து, புஸ்ஸென்று நின்றது. மறுபடி சுற்றினார். இந்த முறை 'டப்' என்று ஒரு வெடி.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் காலுக்குத்தான் முதலில் புத்தி வரும். கல்யாணத்துக்கென்று இரண்டு பெட்டி சரவெடி வேறு வண்டியில் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கையில் அருளப்பனைத் தவிர அத்தனை பேரும் தூரத்தில் புளியமரத்தடியில் நிற்கிறார்கள், பெற்ற ஆத்தா உட்பட. பட்டுச்சேலை தடுக்கியதில் நான் மட்டும் மேலே.

"பெட்டியெல்லாம் பத்திரமா இருக்கு, வாங்க. இஞ்சின்தான் தும்முது," என்றார் அருளப்பன்.

வந்தார்கள். அருளப்பன் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினார். பிளக்கைத் துடைத்து மாட்டினார். அதே இழுப்பு. அதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, இவ ஏறினா வண்டியே நகர மாட்டேங்குது. மாப்பிள்ளை வீட்ல கேட்டா என்ன சொல்லுவீக? பேசாம நம்ம கனகத்தை மணையில உக்கார வைங்க."

அய்யா கனகத்தைத் திரும்பிப் பார்த்தார். சகுனத்துக்குப் பயந்த மனுஷன். அவர் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தை அதற்குள் மேலே ஏறி என் தலைப்பூவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேணாம்மா. அந்த மாப்பிள்ளைக்குக் காது பெருசு," என்றாள் கனகம்.

அருளப்பன் இன்னொரு தடவை சுற்றினார். பின்பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு, காலுக்குக் கீழே ஏதோ அமுங்கி முனகுவது கேட்டது. "அண்ணே, சத்தம் முன்னால இல்ல, இங்கன கேக்குது," என்றேன்.

அருளப்பன் பெரியப்பாவைச் சுற்றச் சொல்லிவிட்டுப் பின்னால் வந்து, புகைக்குழாயை ஒட்டிக் கையை நீட்டிப் பார்த்தார். காற்றே வரவில்லை. குனிந்தார். குழாய் வாயில் ஈரச்சாக்கு.

"அண்ணாச்சி, இது யாரு வேலை?"

ஆலைக்குள் நுழையும் லாரிகளில் நெருப்புப் பொறி பறக்காமல் குழாயில் ஈரச்சாக்கு கட்டுவது பெரியப்பாவின் உத்தியோகம். "காலையில இங்கன வெடிப்பெட்டி ஏத்தையில நாந்தான் கட்டினேன்," என்றார்.

"அங்கன ஒரு சுத்துத்தானே கட்டுவீக?"

"பிள்ளை போற வண்டியாச்சே. மூணு சுத்து."

சாக்கை உருவியதும் லாரி ஒரே சுற்றில் உறுமியது. அய்யா சிரித்த சிரிப்பில் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. சிவகாசி வரைக்கும் யாராவது ஒருவர் "மூணு சுத்து" என்பார், வண்டி முழுக்கச் சிரிக்கும். கனகமே எனக்குப் பூவைத் திரும்ப வைத்துவிட்டாள். எட்டு மணிக்குச் சாத்தூர். மாப்பிள்ளைக்குக் காது பெரியதுதான்.

பழைய வண்டியில் எங்கள் பக்கம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கிளப்பும்போது சத்தம் கேட்டால் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றாதீர்கள். முன்னாலா பின்னாலா என்று காது கொடுங்கள். புகைக்குழாய்க்கு ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டுங்கள்; காற்று முட்ட வேண்டும். வெடியையும் ஆட்களையும் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள், நாங்கள் செய்தது தப்பு. சாத்தூரில் காராச்சேவு வாங்காமல் திரும்பாதீர்கள்.

பெரியப்பாவைச் சிவகாசி தாண்டுவதற்குள் மன்னித்துவிட்டேன். யோசித்த அய்யாவை, என் தலைப்பிள்ளையை அவர் கையில் வாங்கிய அன்று மன்னித்தேன். பேச்சியம்மாள் அத்தை செத்தபோது போனேன், மாலை போட்டேன், அழக்கூட அழுதேன். மன்னிக்கவில்லை.