வெயில் மருந்துக்காரி

பேருந்து சித்தூர் நிலையத்தில் நின்றதும் யோகப்பிரியா எழுந்துவிட மாட்டாள். எல்லோரும் இறங்கட்டும் என்று உட்கார்ந்திருந்து, ஓட்டுநரின் இரண்டு கன்னங்களையும் மாறி மாறிப் பார்ப்பாள். "அண்ணா, வலது பக்கம் மட்டும் பத்து வயசு கூடித் தெரியுதுங்க. ஜன்னல் வெயிலுங்க அது. இடது பக்கம் இன்னும் மாப்பிள்ளையாட்டத்தான் இருக்குது" என்பாள். ஓட்டுநர் முறைப்பார். முறைத்துவிட்டுக் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதற்குள் இவள் இறங்கிப் போயிருப்பாள். அடுத்த வாரம் அவரே அவளைத் தேடிக்கொண்டு வருவார்.

முகத்தில் வயது தெரியாமலிருக்கப் பூசும் கிரீம்களை, மலையாள எல்லையோரத்துச் சித்தூரிலிருந்து வேலந்தாவளம் வரை ஊர் ஊராக விற்பது அவள் தொழில். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். காதோரம் ஒரு கொத்து நரை உண்டு. விளம்பரப் படத்துக்காகவாவது அதற்குச் சாயம் பூசச் சொல்லிக் கம்பெனியில் கெஞ்சிப் பார்த்தார்கள். "முடி நம்ம டிபார்ட்மெண்ட் இல்லீங்க" என்று சொல்லிவிட்டாள்.

கம்பெனி கொடுத்த பெட்டியில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. அதில் பார்த்தால் முகத்தின் சின்னத் துளையெல்லாம் கிணறாகத் தெரியும். அதை நீட்டினால் போதும், பெண்கள் அந்த இடத்திலேயே வாங்கிவிடுவார்கள் என்பது பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்த பாடம். யோகப்பிரியா அதைப் பரண்மேல் போட்டுவிட்டாள். "பயந்து வாங்கறவங்க ஒருக்காத்தான் வாங்குவாங்க. நம்பி வாங்கறவங்கதானுங்க மறுக்கா வருவாங்க." கண்ணாடிக்குப் பதிலாக, எதிரே இருப்பவரைச் சட்டைக் கையையோ ரவிக்கைக் கையையோ கொஞ்சம் மேலே ஏற்றச் சொல்வாள். துணி மூடியிருந்த தோலைத் தொட்டுக் காட்டுவாள். "இதானுங்க உங்க வயசு. மூஞ்சில இருக்கறது வெயிலோட வயசு. வெயிலோடதக் கொஞ்சம் கொறைச்சுக் குடுக்கலாம். உங்களோடத ஆராலயும் கொறைக்க முடியாதுங்க." இப்படிச் சொன்னாலும் சரக்கு விற்குமா என்றால், அமோகமாக விற்கிறது.

பெண்கள் நேராகக் கேட்பார்கள்: "எத்தன நாள்ல தெரியும்?" ஆண்கள்தான் பாவம். பால் சொசைட்டி வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, "ஊட்டுல கேட்டாங்க" என்பார்கள். "அவங்க தெனமும் சவரம் பண்றவங்களுங்களா?" என்று யோகப்பிரியா முகம் மாறாமல் கேட்பாள். அவர்கள் கூசாமல் கேட்டு வாங்கட்டும் என்று அவளே ஒரு பேரும் கண்டுபிடித்தாள்: வெயில் மருந்து. கிரீம் என்று சொல்ல நாக்கு வராத குடியானவர்கள், "ரெண்டு வெயில் மருந்து குடுங்க" என்று உரக் கடையில் கேட்பதுபோல் தலை நிமிர்ந்து கேட்டார்கள்.

அந்தப் பேர்தான் போன சித்திரையில் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

நல்லேப்பிள்ளித் தென்னந்தோப்புக்காரர் கோகுல்நாத்துக்கு முப்பத்தேழு வயது. பத்து இடத்தில் பெண் பார்த்தாயிற்று. பத்து இடத்திலும் ஒரே பதில்: பையனுக்கு வயசு கூடத் தெரியுது. பதினோராவதாகக் கொழிஞ்சாம்பாறையில் ஓர் இடம் வந்தபோது யோகப்பிரியாவிடம் இரண்டு டியூப் வாங்கினார். வெள்ளை மூடி பகலுக்கு, நீல மூடி ராத்திரிக்கு. நீல மூடி கொஞ்சம் வீரியமானது, பூசிக்கொண்டு வெயிலில் போகக்கூடாது. சொல்லித்தான் கொடுத்தாள். ஆனால் அவர் விவசாயி. பூச்சி மருந்தைப் பூச்சி இருக்கும்போதுதானே அடிக்கிறோம், வெயில் மருந்தையும் வெயிலில்தானே பூச வேண்டும் என்று அவருக்குப் பட்டது. வீரியமானதாகப் பார்த்து, உச்சி வெயிலில் மூன்று வேளைக்கான அளவை ஒரே வேளையாகப் பூசிக்கொண்டு தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சினார். ஐந்தாம் நாள் முகம் சிவந்து, தோல் உரிந்து, திட்டுத் திட்டாக வெளுத்துப்போயிற்று.

அவருடைய அம்மா நாச்சம்மாள் யோகப்பிரியாவின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "ஏம்மிணி, ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போவோணும். இந்த மூஞ்சியப் பாத்தா தோல் வியாதின்னுதான் சொல்லிப் போடுவாங்க. அந்தப் பேரு ஒருக்கா வந்துதுன்னா அப்பறம் எவன் பொண்ணு குடுப்பான்? நீ வெச்ச வினை, நீயே வந்து சொல்லு."

நாளைத் தள்ளிப்போடவும் வழியில்லை. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டது மாப்பிள்ளை வீடுதான். யோகப்பிரியா அன்றைக்கே கோகுல்நாத்தைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். வியாதி இல்லை, வெறும் எரிச்சல், இரண்டு வாரத்தில் ஆறிவிடும் என்றார் மருத்துவர். சீட்டில் அதை எழுதியும் வாங்கிக்கொண்டாள்.

விஷயம் கம்பெனியின் மலையாளி மேலாளர் ஷைஜு காதுக்கும் போயிற்று. "சேச்சி, நேரம் கெட்ட நேரத்துல பூசினது அவரோட தெற்று. நம்ம பாகத்துத் தப்புன்னு மாத்திரம் எங்கயும் வாயத் திறக்காதீங்க. அந்த ஏரியாவே நமக்கு இல்லாமப் போகும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கொழிஞ்சாம்பாறையில் பெண் வீடு இருந்த வீதியில் பாதிப் பேர் அவளிடம் வாங்குகிறவர்கள். அங்கே போய்த் தப்பை ஒத்துக்கொள்வது, எட்டு வருஷம் பேருந்திலும் ஸ்கூட்டரிலும் அலைந்து சேர்த்த பேரைத் தன் கையால் கிணற்றில் போடுவதுதான். "செரிங்க சார்" என்று போனை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு சாதாரணக் காட்டன் சேலை கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

பெண்ணின் அப்பா பொங்கியண்ணன் வாசலிலேயே பார்த்துவிட்டார். எல்லோரும் உட்காரும்வரை பொறுத்திருந்து, "மாப்பளைக்கு மூஞ்சில என்னுங்க?" என்று கேட்டார். கோகுல்நாத் தலை குனிந்துகொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் கதவோரம் நின்றிருந்தார்கள். நாலு பேருமே அவளிடம் வாங்குகிறவர்கள். யோகப்பிரியா எழுந்தாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"வியாதி இல்லீங்கய்யா. நாஞ் செஞ்ச தப்புங்க. ராத்திரி பூசறதுக்குப் போயி வெயில் மருந்துன்னு பேரு வெச்சு வித்தது நானு. பேர நம்பி அவரு வெயில்ல பூசிட்டாருங்க. சூடு வெக்கறதுன்னா பேரு வெச்ச வாய்க்கு வெய்யுங்க, அவரு மேல ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

மருத்துவர் சீட்டை மேசைமேல் வைத்தாள். அவ்வளவுதான், இனி இந்த வீதியில் கால் வைக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பொங்கியண்ணன் சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏனுங், அப்ப அந்த நீல மூடி... அதுங்களா ராத்திரிக்கு?" என்றார்.

அவர் மனைவி ராசம்மாள் வெடுக்கென்று திரும்பினார். "உங்களுக்கு எப்படீங்க தெரியும் நீல மூடின்னு?"

பொங்கியண்ணன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். கதவோரத்தில் ஒருத்தி பொத்துக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் நாச்சம்மாள் உட்பட ஒருவராலும் அடக்க முடியவில்லை. "எங்கூட்டுலயும் இருக்குதுங்க. எது எப்பப் பூசறதுன்னு போறப்ப எழுதிக் குடுத்துட்டுப் போங்கக்கா" என்றாள் சிரித்தவள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் காப்பித் தட்டோடு பொங்கியண்ணனின் மகள் வனிதா வந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கோகுல்நாத் முன்னால் வந்ததும் நின்றாள்.

"இன்னும் எரியுதுங்களா?"

இதற்கு முன் போன பத்து வீட்டில் எந்தப் பெண்ணும் அவரிடம் தானாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. "இப்ப இல்லீங்க" என்றார். தோல் உரியாத இடமெல்லாம்கூடச் சிவந்துபோயிற்று.

முகம் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட யோகப்பிரியா, அந்த இரண்டு முகங்களையும் பார்க்கவில்லை. எதையோ தேடுகிறவள்போலக் குனிந்து, ஒன்றுமே இல்லாத கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தாள்.