தொங்கல் நிரை

ஒன்பது வயது வரைக்கும் என் அம்மாவுக்கு ஜெபம் செய்ய வராது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். வெளியே சொல்லக் கூச்சமான விஷயம் அது. ஏனென்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த நாலைந்து வேதக்காரக் குடும்பங்களில் அப்பாவின் ஜெபம் பேர்போனது. அவர் கண்ணை மூடினால் உலகம் உண்டான நாளில் தொடங்கி, லயத்துக் கடைசி வீட்டு ஆட்டுக்குட்டியின் காய்ச்சல் வரைக்கும் ஒன்று விடாமல் ஆண்டவரிடம் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் ஓய்வார். அவர் பாதி தூரம் போவதற்குள் அம்மாவின் தலை என் தோளில் சாய்ந்துவிடும். அவர் முடிக்கும்போது, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்தவளைப் போல் திடுக்கிட்டு எழுந்து, எல்லோருக்கும் முன்னால் "ஆமென்" என்பாள். தம்பி சிரிப்பான். நான் அவன் தொடையில் கிள்ளுவேன்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்துக்கிடந்து, கடைசியில் நாடுகாணிப் பக்கம் காட்டை வெட்டிப் புதிதாகத் தேயிலை போட்டிருந்த ஒரு தோட்டத்தில் வந்து இறங்கினோம். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை, நடுவில் கடலைப் பார்த்ததுதான் மிச்சம் என்று அப்பா சொல்வார். அம்மாவால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவளுடைய ஒரே தங்கைக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்துவிட்டது. எங்களுக்கு இந்தியா என்று எழுதிவிட்டார்கள். லயத்தில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் ஒரே சுவரில் முதுகு சாய்த்து வளர்ந்த அக்காளும் தங்கையும் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். சித்தியின் கடிதம் எப்போதாவது வரும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டுவேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பாள்.

அம்மாவின் நாளை இப்போது நினைத்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது. விடிவதற்கு முன்னால் பீலியில், அதாவது ஊற்றுக் குழாயில், தண்ணீர் பிடிப்பது, ரொட்டி, சம்பல், கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விடுவது, பெரட்டுக்கு ஓடுவது. பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். பிறகு பொழுது சாயும் வரை கொழுந்து. திரும்பும்போது தலையில் ஒரு விறகுக் கட்டு, இடுப்பில் பாப்பா. வந்தவுடன் மறுபடியும் அடுப்பு. இந்த அம்மாவைப் பார்த்துத்தான் நான் ஒரு நாள் நியாயம் கேட்டேன்.

அதற்குக் காரணம் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். நல்லவர். குன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், வெள்ளைச் சேலையும் குடையுமாக ஞாயிறுதோறும் எங்களுக்காகவே சேறு மிதித்து வருவார். ஒரு ஞாயிறு அவர், "நம்ம கிளார்க் ஐயா வீட்டம்மா தினமும் ஒரு மணி நேரம் கதவச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்றாங்க. ஒங்க ஒங்க ஊட்ல அம்மா எப்ப ஜெபம் பண்றாங்கன்னு அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம ஒவ்வொருத்தரா எந்திரிச்சுச் சொல்லோணும்" என்றார். கிளார்க் வீட்டுப் பெண் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்து ஒரு சாண் உயர்ந்தது. எங்கள் வீட்டில் சாத்துவதற்கு இருந்ததே ஒரு கதவு. அதைச் சாத்தினால் புகை வெளியே போகாது.

"ஏம்மா நீ ஜெபமே பண்ண மாட்டேங்குற?" என்று அன்றைக்கே கேட்டுவிட்டேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். "பண்ணாமயா இருக்கேன்?" என்று சிரித்தாள். "எப்ப?" என்றேன். "அடுப்ப ஊது புள்ள, அணையப் போவுது" என்றாள். பிடி கொடுக்காமல் நழுவுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. தப்பு செய்துவிட்டு நானும் இப்படித்தான் பேச்சை மாற்றுவேன்.

யோசித்துப் பார்த்ததில் குற்றம் அம்மாவுடையது அல்ல, அவள் நிற்கும் நிரையுடையது என்று கண்டுபிடித்தேன். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு ஆளுக்கொரு வரிசைச் செடி பிரித்துக் கொடுப்பார்கள். அதுதான் நிரை. எங்கள் மலையில் முதல் நிரை ரோட்டோரம், கடைசி நிரை பள்ளத்தில் காட்டை ஒட்டி. கடைசியை எங்கள் ஆட்கள் தொங்கல் என்பார்கள். அங்கே அட்டை அதிகம். ஈரம் காயாது. யானை வந்து போன தடம் கிடக்கும். கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு மூச்சிரைக்க ஏறி வர வேண்டும். ஒருத்தியும் விரும்பிப் போகாத அந்த நிரையில் தினமும் நின்றது என் அம்மா. வாயில்லாப்பூச்சி, ஏமாளி, எல்லோரும் சேர்ந்து தள்ளிவிடுகிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தொங்கலில் நிற்பதால்தானே நிறுவைக்குக் கடைசி, பீலிக்குக் கடைசி, வீட்டுக்கும் கடைசி! முதல் நிரை கிடைத்தால் அரை மணி நேரம் முன்னால் வருவாள். அந்த அரை மணி நேரம் ஆண்டவருக்கு. கணக்குப் பாடத்தில் நான் எப்போதுமே கெட்டிக்காரி.

மேஸ்திரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். காக்கி அரைக்கால் சட்டை, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். பள்ளிக்கூட லீவில் ஒரு காலை பெரட்டு கலைந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மேஸ்திரி ஐயா, எங்கம்மாவுக்கு மொத நெரை குடுக்கணும்."

"ஏன் அம்மிணி, ஒங்கம்மா கேக்கச் சொல்லியுட்டாங்களா?"

"இல்ல. நானாத்தான் கேக்குறேன். தொங்கல்ல நின்னா வர லேட்டாகுது. அம்மாவுக்கு ஜெபம் பண்ண நேரமே கெடைக்கல."

"செபம்னா, சாமி கும்புடறதா?"

"ஆமா."

மேஸ்திரி மீசையைத் தடவினார். "எங்க ஊட்லயும் அதே கதைதான் அம்மிணி. எங்கம்மா வெளக்குப் பொருத்தி வெச்சுட்டு அஞ்சு நிமிசம் நிக்கறதுக்குள்ள அத்தன பேரும் கூப்புடுவோம். அதென்ன, எந்தச் சாமியா இருந்தா என்ன? நாளைல இருந்து ஒங்கம்மாளுக்கு ரோட்டோரத்து நெரைதான், போ." இவ்வளவு பெரிய மனிதரிடம் நான் வழக்கில் ஜெயித்துவிட்டேன் என்பதை நம்ப முடியாமல் வீடு வரைக்கும் ஓடினேன்.

மறுநாள் அம்மா வெளிச்சம் இருக்கும்போதே வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "நீயா புள்ள மேஸ்திரிக்கிட்ட கேட்ட?" என்றாள். ஆமாம் என்றேன், மூச்சு விடாமல் காரணத்தையும் சொன்னேன். அம்மா என்னை இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள். கொழுந்து வாசனையும் மழை வாசனையும் அடித்தது. "நல்ல புள்ள" என்றாள்.

நான் பாய் விரித்து, வேதபுத்தகத்தைக் கொண்டுவந்து வைத்து, "ம், பண்ணு" என்று காவல் நின்றேன். அம்மா முக்காடு போட்டு முழங்காலில் நின்றாள். பாப்பா முதுகில் ஏறியது. அடுத்த வீட்டு மாமி கொஞ்சம் மிளகாய்த்தூள் கேட்டு வந்தாள். அப்பா தேத்தண்ணி கேட்டார். எல்லோரையும் விரட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அம்மா சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் இதே கூத்து. அதற்கடுத்த நாளும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு வாரத்துக்குள் அம்மா வேறு ஆளாக மாறிவிட்டாள். ரொட்டி கருகியது. யாராவது ஏதாவது கேட்டால் வெடுக்கென்று பதில் வந்தது. தேத்தண்ணியைக் கொட்டியதற்காகத் தம்பியை அடித்தாள். அம்மா கையால் அடி வாங்குவது எங்கள் வீட்டில் அதுவரை கேள்விப்படாதது. தம்பி அழக்கூட மறந்து வாயைப் பிளந்தான். "ஒடம்புக்கு முடியலயா?" என்று அப்பா கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள். முதல் நிரையில் அவளுக்கு இந்தப் பக்கம் அடுத்த வீட்டு மாமி, அந்தப் பக்கம் மாமியின் அக்காள். லயத்திலேயே வாய் மூடாத இரண்டு பேர். பகல் முழுக்க அவர்கள் பேச்சுக்கு ம் கொட்டிவிட்டு வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதில் என்ன கஷ்டம்? பேச்சுத் துணை நல்லதுதானே! ஜெபம் இன்னும் கூடுதலாக வேண்டும்போல என்று பாயை இன்னும் சீக்கிரமாக விரிக்க ஆரம்பித்தேன்.

அந்த மாதத்தின் கடைசி நாள், சனிக்கிழமை. மறுநாள் ஓய்வுநாள் பள்ளியில் எழுந்து சொல்ல வேண்டிய நாள். போத்தலில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ரோட்டோரத்தில் கூட்டமாக நின்றிருந்தார்கள். தொங்கல் நிரையில் அம்மாவுக்குப் பதிலாக இறக்கிவிட்டிருந்த பெண்ணுக்கு அப்போது ஆறு மாதம். பள்ளத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாளாம். அடி ஒன்றும் படவில்லை. பயந்துபோய் அழுதுகொண்டிருந்தாள்.

"வயித்துப் புள்ளக்காரி எப்படிங்க அங்க நிப்பா? அவ இங்க நிக்கட்டும், நான் போறேன்" என்று அம்மா மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மேஸ்திரியிடம் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"நா ஒங்க புள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கறேனுங்க அக்கா. வேற ஆரையாச்சும் அனுப்பிக்கறேனுங்க" என்றவர் என்னைப் பார்த்துவிட்டார். "இதா, அம்மிணியே வந்துருச்சு. என்ன அம்மிணி, ஒங்கம்மா மறுக்காவும் தொங்கலுக்கே போறேங்கறாங்க. நீ என்ன சொல்றே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போகட்டுமா என்று கேட்டுவிட்டு, பெரியவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முகமாக இருந்தது அது. எனக்கு அழுகை முட்டியது. நாளைக்கு நான் என்ன சொல்வேன்? கிளார்க் வீட்டுப் பெண் முன்னால் எப்படி எழுந்து நிற்பேன்? ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிற அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "போகட்டும்" என்றேன். அம்மா படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இறங்கிய வேகத்தைப் பார்த்து மேஸ்திரியே, "பாத்துப் போங்க அக்கா!" என்று கத்தினார். நான் கொண்டுபோன தேத்தண்ணியைக்கூட அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

சிறிது நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, போத்தலைத் தூக்கிக்கொண்டு நானும் பள்ளத்தில் இறங்கினேன். கீழே போகப் போகப் பெண்களின் பேச்சுச் சத்தம் மேலேயே நின்றுவிட்டது. காட்டுப் பக்கம் ஏதோ ஒரு பறவை மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அப்புறம் அம்மாவின் குரல் கேட்டது. யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

"அவ கடுதாசி வந்து மூணு மாசமாச்சு. என்ன கஷ்டப்படுறாளோ, நீங்கதான் பாத்துக்கணும். அன்னைக்குச் சின்னவன அடிச்சுப்புட்டேன். மனசு கேக்கல, மன்னிச்சுக்கங்க. இந்தப் பெரியவ இருக்காளே, ரோசந்தான் கூட, ஆனா மனசு தங்கம். அந்த மேஸ்திரி வீட்டையும் நெனச்சுக்கங்க. இத்தன நாளாப் பேச முடியாம நெஞ்சே அடச்சுப்போச்சு எனக்கு."

செடி மறைவிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் காடு, நடுவில் அம்மா. வேறு ஒருவரும் இல்லை. கண் திறந்தே இருந்தது. இரண்டு கையும் நிற்காமல் கொழுந்து பறித்துக் கூடைக்குள் எறிந்துகொண்டிருந்தன. கன்னம் நனைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் இப்போது கூடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாறி மாறி வரும் ஷிஃப்ட், இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமனார். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு மணி நேரம் எனக்கு இதுவரைக்கும் யாரும் கொடுத்ததில்லை. வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் போர்வை மாற்றும்போதுதான் என் பேச்சு நடக்கிறது. அந்தந்தக் கட்டில்காரரைப் பற்றியும் பேசிவிடுகிறேன். என்னோடு வேலை செய்கிற சின்னப் பெண்கள், "ஜெபம் பண்ணவே நேரமில்ல சிஸ்டர்" என்று குற்றவாளியைப் போல் வந்து நிற்கும்போது, ஆசை இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன். ஆசை இருந்தால் வேலைக்கு நடுவிலேயே ஒரு தொங்கல் நிரை கிடைத்துவிடும், அதை யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்கிறேன்.

ஆனால் அன்றைக்குச் செடி மறைவில் நின்ற பெண்ணுக்கு இதெல்லாம் எட்டவில்லை. ஜெபம் என்றால் முழங்கால், முக்காடு, மூடிய கண். கப்பலேறி வந்த பெண்களில் சிலர் ஊர் நினைப்பில் தனியாகப் பேசிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஐயோ, அம்மாவுக்கும் அது வந்துவிட்டதே என்று பயந்தேன். போத்தலைக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு வந்தேன். நாளைக்கு எழுந்து, எங்கம்மாவுக்கு நேரம் இல்லீங்க டீச்சர் என்று உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்று மாலை அப்பா ஜெபித்து முடித்ததும், நானும் ஜெபிக்கப் போகிறேன் என்றேன். கண்ணை இறுக்க மூடி, கை கூப்பி, எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் தேடி எடுத்து வேண்டிக்கொண்டேன். "ஆண்டவரே, எங்கம்மா ரொம்பப் பாவம். அவளுக்கு உம்மிடத்தில் பேசப் பிரியம் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஜெபம் பண்ணக் கற்றுக்கொடும்."

பக்கத்தில் அம்மாவின் தோள் குலுங்கியது. வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டிருந்தாள். மனம் உடைந்து அழுகிறாள் என்று நினைத்து, நான் இன்னும் உருக்கமாக வேண்டிக்கொண்டே போனேன்.