மாமி தெளித்த தீர்த்தம்

எனக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது. வள்ளத்தை விற்கப்போவதாக அண்ணன் சொன்ன அன்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எங்கள் வீட்டுப் பொறுப்பெல்லாம் தன் தலையில் என்று அண்ணருக்கு ஒரு நினைப்பு. வாங்குகிற ஆளைக்கூடப் பிடித்துவிட்டார். பொம்பிளை தனியாகக் கடலுக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். ஊரா எனக்குச் சோறு போடுகிறது என்று நானும் கேட்டேன். கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"வள்ளம் சிலாவத்துறையிலதானே கிடக்கு. ஒருத்தற்றை உதவியும் இல்லாமல் கடலால எங்கட தாழ்வுபாட்டுக்குக் கொண்டு வா. பிறகு நான் வாய் திறக்க மாட்டன்."

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து வலை வலிக்கப் போனவர்கள்தான். பாயும் சுக்கானும் எனக்குப் பழக்கம். ஆனால் தனியாக ஓடியதில்லை. அதை அண்ணருக்குச் சொல்வேனா?

சிலாவத்துறைக்கு மாமியும் பஸ்ஸில் கூடவே வந்தார். மகன் ஓடிய வள்ளம் வேறு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதில் அவர் என்னைவிடப் பிடிவாதம். நான் எஞ்சின் டாங்கிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு நிற்க, மாமி கோயிலில் மந்திரித்த தீர்த்தப் போத்தலைத் திறந்து, அந்தோனியாரைக் கூப்பிட்டபடி வள்ளம் முழுக்கத் தெளித்தார். முன்பக்க அணியத்தில், பாயில், என் தலையில். மிச்சத்தை எஞ்சின் பக்கம் அப்படியே கவிழ்த்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டு டாங்கியை மூடினேன்.

அரிப்பு ஊரைத் தாண்டியதும் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். ம்ஹூம். டாங்கியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்த்தால், எண்ணெய்க்கு அடியில் தெளிவாகத் தண்ணீர். மாமியின் தீர்த்தம்! வந்த ஆத்திரத்தில் அந்தோனியாரையும் சேர்த்துத் திட்டினேன். பிறகு பயந்துபோய் மன்னிப்புக் கேட்டேன்.

இனிக் கரையில் கழுவினால்தான் எஞ்சின் ஓடும் என்று பாயை விரித்தேன். கரைக்காற்று நன்றாகவே தள்ளியது. வங்காலைக்கு நேரே வந்ததும் அது செத்தது. கொஞ்ச நேரத்தில் வடக்கிலிருந்து முகத்துக்கு நேரே காற்று. நேராகப் போக வழியில்லை. வெளியே ஓடி, திருப்பி, பாயை மாற்றி, கரைப்பக்கம் ஓடி, மறுபடியும் வெளியே. எவ்வளவு ஓடினாலும் வங்காலைக் கோயில் அதே இடத்தில் நின்றது.

அந்த வழியாக வந்த வள்ளக்காரர் ஒருவர், கயிற்றைப் போடுங்கோ, இழுத்து விடுகிறேன் என்றார். கை தானாகக் கயிற்றுக்குப் போனது. வேண்டாம் அண்ணை என்றேன். விசர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். எனக்கே அப்படித்தான் இருந்தது. அவர் போன பிறகு அழுதேன், ஆனால் சுக்கானை விடவில்லை. இந்த வள்ளம் போனால் என் மனுஷன் இரண்டாம் தரம் போன மாதிரி.

பின்னேரம் சோளகம் எழும்பியது. தெற்கிலிருந்து வருகிற அந்தக் காற்றுக்குப் பாய் உப்பியதும், வாடா ராசா என்று வாய்விட்டே சொன்னேன்.

தாழ்வுபாட்டுக் கரையில் அண்ணனும் வாங்க வந்த ஆளும், பஸ்ஸில் திரும்பிவிட்ட மாமியும் நின்றார்கள். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து எஞ்சினைப் பார்த்தார்.

"எஞ்சினுக்கு என்ன நடந்தது?"

பழுது என்றால் அதையே பிடித்துக்கொள்வார்.

"ஒண்டுமில்லை. காத்து இருந்தது, பாயில வந்தனான்."

அணியக் கயிற்றுக்குக் கை நீட்டினார். விடுங்கோ, நான் கட்டுறன் என்றேன். கையை எடுத்துக்கொண்டார். வாங்க வந்த ஆள் மோட்டார்சைக்கிளைத் திருப்பினார். அண்ணனும் பின்னால் ஏறிப் போனார்.

மாமி என் கன்னத்தைத் தடவினார். "பாத்தியோ பிள்ளை, தீர்த்தம்தான் உன்னைக் கொண்டுவந்து சேர்த்தது."

"ஓம் மாமி. இனி நான் டாங்கியை மூடின பிறகு தெளியுங்கோ."

மாமி எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கடலுக்குப் போறாய்?"