'இல்லை' என்று எழுதாத மனிதர்

அன்று காலை நோர்பரி ஸ்டேஷனுக்கு முன்னால் காரை நிறுத்தியிருந்தேன். கார் பழக்குவது என் தொழில். ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் ரோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அத்தான் கண்ணை மூடிட்டார். மெதுவா வா. கார் ஓடேக்கை அழாத," என்றார். அழாதே என்று சொன்னபடியால்தானோ என்னவோ, தோர்ன்டன் ஹீத் தாண்டும்வரை துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. தைப்பொங்கலுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன.

என் அக்கா வசந்தியின் கணவர் ஞானசேகரம் அவர்களை லண்டனில் பலருக்குத் தெரியும். அவர் என்ன வேலை பார்த்தார் என்பது அதில் அரைவாசிப் பேருக்குத் தெரியாது. கலியாண வீடுகளில் "கப்பல்காரர்" என்பார்கள், "மீன் பொலிஸ்" என்பார்கள். பாரைமீன் மொத்த விலைக்கு எடுத்துத் தர ஏலுமோ என்று அவரிடம் கேட்ட ஒரு பெரிய மனிதரும் உண்டு. ஆகவே தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பூமியின் தென்கோடியில், பனிப்பாறைகள் மிதக்கும் கடலில் மீன் பிடிக்கும் கப்பல்களில் எந்தப் பக்கமும் சேராத ஒருவர் நிற்க வேண்டும். என்ன மீன் பிடிபட்டது, எவ்வளவு பிடிபட்டது, எந்தப் பறவை வந்தது, எந்தத் திமிங்கிலம் வந்தது, தூண்டிலில் மாட்டி எது வீணாகச் செத்தது என்று கண்ணால் பார்த்து எழுதுவது அவருடைய வேலை. அத்தான் மீனவரும் அல்லர், மாலுமியும் அல்லர். பார்வையாளர்.

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்துவிட்டு அகதியாக இங்கே வந்தவர், பல வருடங்கள் பெற்றோல் ஷெட்டில் நின்றார். பிறகு பேப்பரில் விளம்பரம் பார்த்து இந்த வேலைக்கு எழுதிப் போட்டார். லண்டன் குளிருக்கே இரண்டு சுவெற்றர் போடுகிறவர் பனிக்கடலுக்குப் போகிறார் என்றதும் நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது சுவெற்றர் ஒன்று வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

மாதக்கணக்காக மீன் கப்பலில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வீடு வந்த ஒரே யாழ்ப்பாணத்து மனிதர் அவராகத்தான் இருக்கும். கப்பல்காரரிடம் ஒரு மீன் முள்ளைக்கூட வாங்கமாட்டார். "வாங்கின கையாலை எப்பிடி மச்சான் அவையளைப் பற்றி எழுதுறது?" என்பார். அவர் வந்திறங்கும் நாளில் அக்கா வேண்டுமென்றே கத்தரிக்காய்க் குழம்பு வைப்பார்.

அந்த வீட்டில் வந்த ஒரே பெரிய சண்டையையும் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை கப்பலிலிருந்து செய்மதித் தொலைபேசியில் பேசியவர், "பின்னேரம் அவ வந்தவ, வசந்தி. என்ன வடிவு தெரியுமோ. என்னையே பாத்துக்கொண்டு..." என்று சொல்லும்போது தொடர்பு அறுந்துவிட்டது. பிறகு பல நாட்கள் கடல் கொந்தளிப்பில் தொலைபேசி வேலை செய்யவில்லை. அக்கா சட்டனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, சோபாவில் இருந்து, "கப்பலிலை ஒருத்தி இருக்கிறாள்," என்று அழுதார். ஹீத்ரோவில் அத்தான் இறங்கியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஆர் அவ?" என்பதுதான். அத்தான் கமராவை எடுத்துக் காட்டினார். அடையாள எண் பொறித்த கால்வளையம் போட்ட ஒரு பெரிய வெள்ளைப் பறவை. அல்பட்ராஸ். எங்கள் வரவேற்பறையில் நின்று சிறகை விரித்தால் இரண்டு சுவரிலும் முட்டும்.

"பறவைக்கு என்ன 'அவ'?" என்று அக்கா சீறினார்.

"நான் பெற்றோல் ஷெட்டிலை நிண்ட காலத்திலையே அவ தென்கடல் முழுக்கச் சுத்தினவ. 'அது' எண்டு எப்பிடிச் சொல்ல?" என்றார் அத்தான். அவர் பகிடி விடவில்லை.

அந்தப் பறவைக்குத் தென்கடல் தீவொன்றில் கூடு இருந்தது. ஆண் முதலில் வந்து கூட்டடியில் காத்திருக்கும், பெண் பின்னால் வந்து சேரும். அப்படிக் கூடு கட்டும் பருவம் வரும்போதெல்லாம் அத்தானோடு வேலை செய்த ஹெலன் என்ற பெண்மணி தீவிலிருந்து கிடைத்த செய்தியைப் போனில் சொல்வார். அத்தான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அவ வந்திட்டாவோ?" சண்டை தீர்ந்த பிறகு அக்காவும் அதையே கேட்கத் தொடங்கினார். தாலி கட்டியவளைவிட அதற்குத்தான் மதிப்பு என்று முறைப்பட்டுக்கொண்டேதான் கேட்பார்.

அத்தானைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் சொல்வது ஒரு சொல்லைத்தான். ஒரு பயணத்தில் கடும் பனிமூட்டம். இழுத்த தூண்டில் கயிற்றில் பறவை ஏதும் மாட்டியதா என்று அத்தானால் பார்க்க முடியவில்லை. "ஒன்றும் இல்லை என்று எழுது," என்றார் கப்டன். அத்தான் "காணவில்லை" என்றுதான் எழுதினார். இரண்டும் ஒன்றுதானே என்று கப்டன் கத்தினார். அந்தப் பயணம் முடியும்வரை சமையற்காரரைத் தவிர ஒருவரும் அத்தானோடு பேசவில்லை. தனியாக இருந்து சாப்பிட்டார். "காணாததுக்கும் இல்லாததுக்கும் நடுவிலை ஒரு கடல் கிடக்கு மச்சான்," என்று வந்து சொன்னார்.

வீட்டிலும் அதே கதைதான். சாவியைத் தேடிவிட்டு "திறப்பு இல்லை," என்று அக்கா சொன்னால், "காணேல்லை எண்டு சொல்லும்," என்று திருத்துவார். எரிச்சல் வரும். ஆனால் அத்தானுடைய தம்பி யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். இத்தனை காலம் ஆகிவிட்டதே, செய்ய வேண்டிய கிரியைகளைச் செய்துவிடு என்று சொந்தக்காரர் வந்து கேட்டபோது அத்தான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீங்கள் ஆராவது கண்டனீங்களோ?" வந்தவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு திறப்புக் கதையை நான் கேலி செய்வதில்லை.

நுரையீரலில் நோய் வந்து கடலை விட்ட பிறகும் அவர் ஓயவில்லை. கப்பல் தளங்களில் பூட்டிய கமராக்களின் படங்களை நோர்பரி வீட்டுச் சின்ன அறையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். யன்னலுக்கு வெளியே கவுன்சில் குப்பைத்தொட்டிகள், திரையில் பனிக்கடல். போன மார்கழியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இனி வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது என்று டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

அந்தக் கிழமைதான் ஹெலனின் அழைப்பு வந்தது. அக்கா நடைபாதையில் நின்று கேட்டார். மற்றப் பெண் பறவைகள் எல்லாம் வந்துவிட்டன, முட்டையிடும் காலமும் முடியப்போகிறது, ஆண் மட்டும் பழைய கூட்டடியில் தனியாக இருக்கிறது என்றார் ஹெலன். அந்தக் கடலில் தூண்டில்கள் எத்தனை என்று எங்களுக்குத் தெரியும். அக்கா போனை மூடிவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

"அக்கா, வந்திட்டா எண்டு சொல்லுங்கோ. மனுசன் நிம்மதியாப் போகட்டும்," என்றேன்.

"அவருக்குப் பொய் சொல்லி அனுப்ப என்னாலை ஏலாது தம்பி."

உள்ளே போனோம். ஒட்சிசன் முகமூடியைக் கையால் விலக்கிவிட்டு அத்தான் கேட்டார். "அவ வந்திட்டாவோ?"

அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"காணேல்லையாம்," என்றார் அக்கா.

அத்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "காணேல்லை. அவ்வளவுதானே?"

"ஓம். அவ்வளவுதான்."

"அப்ப சரி," என்றார். மூச்சு எடுத்துக்கொண்டு, "அவர் இருக்கிறாரோ?" என்று கேட்டார். ஆண் பறவையைத்தான்.

"இருக்கிறார். கூட்டடியிலை காத்துக்கொண்டு இருக்கிறார்."

அத்தான் மற்றக் கையையும் எடுத்து அக்காவின் கைமேல் வைத்தார். "நீர் சாப்பிட்டீரோ?" என்றார். அவர் பேசி நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

இறுதிக்கிரியைக்கு வந்திருந்த ஹெலன், அத்தான் பார்த்து எழுதியவற்றை வைத்துத்தான் அந்தக் கப்பல்களில் பறவை வெருட்டும் நாடாக்கயிறு கட்டும் விதியை இறுக்கினார்கள், எத்தனையோ பறவைகள் பிழைத்தன என்று பேசினார். எத்தனை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தான் பெட்டிக்குள்ளிருந்தே திருத்தியிருப்பார். அழுகைக்கு நடுவில் எனக்கு அப்படித்தான் நினைப்பு ஓடியது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து ஆட்கள் எல்லாம் போன பிறகு வீட்டுத் தொலைபேசி அடித்தது. அக்காதான் எடுத்தார். அந்தப் பனிமூட்டப் பயணத்தில் அத்தானோடு பேசிய அதே சமையற்காரர். கரை தொடும்போதெல்லாம் அத்தானைக் கூப்பிட்டு நலம் விசாரிக்கும் மனிதர். பல மாதம் கடலில் நின்றுவிட்டு அன்றுதான் இறங்கியிருக்கிறார், செய்தி தெரியாது. அவருடைய பெரிய குரல் எனக்கும் கேட்டது. உடைந்த ஆங்கிலத்தில், ஞானம் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டார்.

அக்கா போனை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் போனை வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. மறுமுனையில் அந்த மனிதர் மறுபடியும் பெயர் சொல்லிக் கேட்டார். அக்கா போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். லண்டனில் அரை ஆயுள் இருந்தவர், கவுன்சில்காரரோடு ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பவர், என்னைக் கேட்டார்.

"தம்பி, 'காணேல்லை' எண்டதை இங்கிலிசிலை எப்பிடிச் சொல்லுறது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அத்தான். போயிட்டு வாங்கோ.