மூன்று நாள் அணைந்திருந்த போன்

2022 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். எங்கள் மலையூரான அரவேணுவில் உறைபனிக் காலம். பசிபிக் கடலுக்கடியில் எரிமலை வெடித்து, மேலெழுந்த சாம்பல் மேகத்துக்குள் விடாமல் மின்னல் அடிக்கும் வீடியோ எனக்கு வந்தது. சாம்பல் துகள்கள் உரசுவதால் வரும் மின்னலாம். ஒரு காலத்தில் நாளிதழுக்கு உள்ளூர்ச் செய்தி எழுதியவன் நான். கை சும்மா இருக்கவில்லை. "பசிபிக்கில் எரிமலை மின்னல். இன்னும் ஓயவில்லை" என்று எழுதித் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

மூன்றாம் நாள், சட்டைக்குப் பொத்தான் வைக்கப் பக்கத்துத் தையல்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாவின் ஒரே மகன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அந்த அம்மா ஊசியில் நூல் கோக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், அங்க மின்னல் நின்னுருச்சுங்களா?"

"எங்கம்மா?"

"நீங்க போட்டீங்களே, அந்தக் கடல்ல. பையன் கப்பல் அந்தப் பக்கந்தானுங்க."

"போன் பண்ணிப் பாத்தீங்களா?"

"மின்னறப்ப எப்படிங்க பண்றது? அவன் எடுத்து ஏதாச்சும் ஆயிட்டா? அவனும் கூப்பிடக் கூடாதுன்னு என் போனையும் ஆஃப் பண்ணி வச்சுட்டேன்."

எங்கள் மலையில் இடி கேட்டால் எல்லோரும் முதலில் செய்வது போனை அணைப்பதுதான். அங்கேயே நின்று செய்திகளைத் தேடினேன். எரிமலை வெடித்த அன்றைக்கே மின்னல் ஓய்ந்திருந்தது. 'இன்னும்' என்பது நானாகச் சேர்த்தது. ஆனால் கப்பல்? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"அன்னைக்கே நின்னுருச்சும்மா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன். போனை ஆன் பண்ணுங்க."

கடைக்குள் டவர் கிடைக்கவில்லை. சாலைக்கு வந்து, தேயிலைச் சரிவின் ஓரமாக நின்றோம். அவர் போனையே பார்த்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு குரல் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. கடைசியாக வந்தது அன்று காலை மகன் அனுப்பியது.

"ஏம்மா, மூணு நாளா போன் ஆஃப்ல கெடக்குது? நல்லாருக்கியா? கப்பல் துறைமுகத்துல நிக்குது, எனக்கு ஒண்ணுமில்ல. நீ பேசலீன்னு குழம்புக்கு ரெண்டு தடவ உப்பு போட்டுட்டேன். கப்பலே என்னைய வையுது."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு உள்ளே போய், என் பொத்தானைத் தைத்துக் கொடுத்தார்.

இப்போதும் எதையாவது பகிர விரல் போகும்போது, நான் சேர்த்த ஒரு சொல்லால் ஒரு தாயும் மகனும் மூன்று நாள் ஒருவரையொருவர் நினைத்துப் பயந்து கிடந்தது நினைவுக்கு வருகிறது. பகிர நினைத்த சம்பவம் எப்போது நடந்தது என்று தெரியும்வரை விரலை எடுத்தே வைத்திருக்கிறேன்.